பொன்மாடத்தி பேசும் ஞாயிற்றுக்கிழமைகள்

சந்தனமாரி ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. தட்ட முடியாமல் போனாலும் பந்தி முடிந்த கையோடு திரும்பிவிடுவாள். இரண்டரை மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்து, செல்போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொள்வாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். சரியாக மூன்று மணிக்கு மணி அடிக்கும்.

“மாரி, கேக்கா?”

“கேக்கு. சொல்லுக்கா.”

“வர்ற புதன்கிழமை வண்டி நம்ம தெருவுக்கு வருதாம்லா. போயிட்டு வந்துரு, என்ன? பத்து நிமிசம்கூட ஆகாதாம். உள்ள பொம்பளப் பிள்ளதான் இருக்கா.”

“போறேன், போறேன்.”

“போன வாரமும் இதத்தான சொன்ன.”

“போன புதன் அளத்துல லாரி லோடு ஏத்துன நாளுக்கா. வரலைன்னா கணக்குப்பிள்ளை ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாரு.”

“சாக்குச் சொல்ல ஒனக்குச் சொல்லியா குடுக்கணும்.”

சந்தனமாரி சிரித்தாள். வாரம் முழுக்க வராத சிரிப்பு அது. அந்தப் பக்கம் பேசிய அவளுடைய அக்கா பொன்மாடத்தி செத்து ஆறு வருஷமாகிறது.

பேசுவது இயந்திரம் என்று தெரியாத வெகுளி இல்லை அவள். அதற்குக் குரலைக் கொடுத்ததே அவள்தான்.

கடலோர மாவட்டங்களில் உப்பளங்களிலும் மீன் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் பெண்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கிய திட்டம் அது. ‘நலக்குரல்’ என்று பெயர். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வண்டியைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். நோட்டீஸ் கொடுத்தார்கள், ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். வண்டி வரும், வெயிலில் நிற்கும், இரண்டு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். கடைசியில் அந்தத் திட்டத்தின் பணியாளர் ஜெபராணி, தூத்துக்குடிக்குத் தெற்கே சந்தனமாரி வேலை பார்த்த உப்பளத்துக்கே ஒருநாள் வந்தாள். முப்பது வயசிருக்கும். டீ குடிக்கிற நேரம். கொட்டகை நிழலில் பெண்கள் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நாங்க சொன்னா நீங்க வரமாட்டேங்கீங்க. யார் சொன்னா வருவீங்க?” என்று ஜெபராணி கேட்டாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்கக்கா சொன்னா போவேன்,” என்றாள் சந்தனமாரி. “அவதான் இல்லியே.”

“அவங்க குரல் எங்கயாவது இருக்கா?”

இருந்தது. பொன்மாடத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் போனில் பேசிப் பதிந்து அனுப்பிவிடுவாள். ‘மாரி, கேக்கா? வரும்போது ரெண்டு தக்காளி வாங்கிட்டு வா.’ ‘மாரி, கேக்கா? மழை இருட்டுது, கொடியில துணி கெடக்கு.’ பதிவுக்குப் பதிவு, கேட்கிறதா என்னும் அந்தக் ‘கேக்கா’ இருக்கும். போன் ஒழுங்காக வேலை செய்யும் என்ற நம்பிக்கை அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. அப்படி நாலு வருஷத்துப் பேச்சு சந்தனமாரியின் போனில் கிடந்தது. அவளும் அதை அழிக்கவில்லை, கேட்கவும் துணியவில்லை.

“இத வச்சு அவங்க பேசுத மாதிரியே பேச வைக்கலாம்க்கா,” என்றாள் ஜெபராணி. “வாரம் ஒரு தடவ கூப்பிடும். சோதனைக்கு வரச் சொல்லும். நீங்க பதில் சொன்னா கேட்டுக்கிடும். சொன்னத மறக்காது.”

ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு குரலைக் கொடுத்தாள். ஒருத்தி அம்மாவை, ஒருத்தி துபாயில் இருக்கும் மகனை. செல்லக்கனியிடம் இருந்ததெல்லாம் அவள் புருஷன் குடித்துவிட்டுப் போனில் வைத வசவுகள்தான். இயந்திரம் அதிலிருந்தும் ஒரு நல்ல மனுஷனை உண்டாக்கியது. இருந்தபோது ஒருநாளும் இப்படிப் பேசினதில்லை இந்த மனுஷன் என்று செல்லக்கனி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சந்தனமாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கேள்வி இருந்தது. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். அதைச் சொன்னாள். அக்கா மகள் தங்கபுஷ்பத்தின் நம்பர் அது. அந்த நம்பரிலிருந்து ஆறு வருஷமாக அவளுக்கு அழைப்பு வந்ததில்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கப்படுவதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளால் பேச முடியவில்லை. “மாரி, கேக்கா? மாரி?” என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடியும்வரை குரல் காத்திருந்தது. பிறகு, “புதன்கிழமை போயிட்டு வந்துரு, என்ன?” என்றது.

போகத்தான் போனாள். அந்தப் புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லி, நல்ல சேலை உடுத்தி, வண்டிக்கு முன்னால் எட்டுப் பேருக்குப் பின்னால் நின்றாள். ஜெபராணி வரிசையில் பெயர் எழுதிக்கொண்டே வந்தாள். இவளிடம் வந்தபோது, நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்:

“இன்னைக்குப் பாத்துட்டோம்னா அவ்வளவுதான்க்கா. பொறவு போன் தொந்தரவு இருக்காது.”

சந்தனமாரி வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அது நடந்து பத்து மாதம் ஆகிவிட்டது. வண்டி புதன்தோறும் வந்தது. குரல் வாராவாரம் கூப்பிட்டது. இவளும் வாராவாரம் ஒரு காரணம் சொன்னாள். காரணம் சொல்லி முடித்ததும் மற்றதைப் பேசுவாள். பாத்தியில் இந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்திருப்பது, முழங்கால் வலி, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது. முடிக்கும்போது எப்போதும் புஷ்பத்தில் வந்து நிற்பாள். “புஷ்பம் இன்னும் பேசலக்கா.” இதைப் பலமுறை கேட்டுக் கேட்டு, குரலே பிறகு முந்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தது. “புஷ்பம் பேசுனாளா?”

“இல்லக்கா.”

“பேசுவா. என் மவதான, எனக்குத் தெரியாதா.”

ஒரு காலத்தில் அந்த வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். பொன்மாடத்தியின் புருஷன் லாரி கவிழ்ந்து செத்தான். சந்தனமாரியின் புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அக்காளும் தங்கையும் ஒரே அளத்தில் வேலை பார்த்து, ஒரே அடுப்பில் பொங்கி, புஷ்பத்தை வளர்த்தார்கள். பிள்ளையில்லாத சந்தனமாரியின் மடியில்தான் அவள் தூங்குவாள்.

புஷ்பத்துக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், மாசி மாதத்தில் ஒருநாள் குளித்துவிட்டு வந்த பொன்மாடத்தி, தங்கையின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தாள். உள்ளே எதுவோ கல்லாக நின்றது.

“யார்ட்டயும் சொல்லிராத,” என்றாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா.”

“கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ள வீட்ல தெரிஞ்சா என்ன நெனப்பாவ? ஆம்பள டாக்டருட்ட போயி நான் எப்படிக் காட்ட?”

வைகாசியில் கல்யாணம் முடிந்து புஷ்பம் கோவில்பட்டிக்குப் போனாள். அப்புறம், உப்பு வாருகிற சீசன் முடியட்டும் என்றாள் பொன்மாடத்தி. ஐப்பசி மழையில் அளம் நின்றபோது புண் வைத்துவிட்டது. சேலைத் துணியைக் கிழித்து ஒற்றி ஒற்றி, மறுவருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இனிக் காப்பாற்ற முடியாது என்பதை டாக்டர் மறைக்கவில்லை. அங்கே ஒருநாள், அரை மயக்கத்தில், “மாரிக்கு மொதல்லேயே தெரியும்,” என்று பொன்மாடத்தி மகளிடம் சொல்லிவிட்டாள். குறையாகச் சொல்லவில்லை. தான் தனியாக இருக்கவில்லை என்று மகளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள்.

“தெரியுமா சித்தி?” என்று புஷ்பம் கேட்டாள்.

“தெரியும்,” என்றாள் சந்தனமாரி.

பொன்மாடத்தியின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து போன புஷ்பம் பிறகு வரவில்லை.

பங்குனி வெயில் தொடங்கிய சமயம், வேலை முடிந்து உடம்பில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சந்தனமாரியின் விரல் இடது மார்பின் பக்கவாட்டில் ஓர் இடத்தில் நின்றது. புளியங்கொட்டை அளவுதான். அழுத்தினால் நகர்ந்தது. வலிக்கவில்லை.

உடனே போய்க் காட்டியிருக்க வேண்டும். அவளுக்கே தெரியும். பயம் ஒரு பக்கம். காட்டிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். இதற்கெல்லாம் அடியில், வெளியே சொல்ல முடியாத ஒரு நினைப்பும் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு கூடப் பிறந்தவளைச் சாகவிட்டவளுக்கு இதே நோய் வந்தால் அதில் என்ன தப்பு?

இரண்டு மாதம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குமேல் தனியாகச் சுமக்க முடியவில்லை.

“அக்கா, ஒண்ணு சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லிராத.”

“சொல்லு.”

“எனக்கும் ஒரு கட்டி இருக்கு.”



“எத்தன நாளா?”

“ரெண்டு மாசமிருக்கும்.”

“புதன்கிழமை கண்டிப்பா போ மாரி. நீ போகலைன்னா இத நான் சொல்லித்தான் ஆகணும்.”

“யார்ட்டக்கா சொல்லுவ? ஒனக்கு யாரத் தெரியும்?” சந்தனமாரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “நீ சொல்லாதன்னு சொன்ன. நான் சொல்லாம இருந்தேன்லா.”

“புதன்கிழமை போ,” என்றது குரல்.

அந்தப் புதன்கிழமை அவள் அளத்துக்குத்தான் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பாத்திகளில் வெயில் இறங்கி உப்பெல்லாம் கண்ணைக் குத்தியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த சந்தனமாரி, வரப்பில் யாரோ நிற்பதைப் பார்த்தாள். கையில் ஒரு பை. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். சந்தனமாரி கண்ணாடியைக் கழற்றினாள். புஷ்பம். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. காதோரம் ஒன்றிரண்டு முடி நரைத்திருந்தது. ஆறு வருஷம் அவள் முகத்தில் தெரிந்தது.

“எங்கம்மா குரல யார்ட்டக் குடுத்த?” என்றாள் புஷ்பம். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

சந்தனமாரி பாத்தியிலிருந்து வரப்பில் ஏறினாள்.

“நேத்து கம்பெனியில தீப்பெட்டி அடைச்சிக்கிட்டு இருக்கேன். போன் அடிக்கி. எடுத்தா எங்கம்மா. ‘புஷ்பம், கேக்கா? ஒன் சித்திக்கு மார்ல ரெண்டு மாசமா கட்டி இருக்கு, நீ போய்க் கூட்டிட்டுப் போ’ங்கா. பக்கத்துல இருந்தவ தண்ணி தெளிச்சி உக்கார வச்சா.”

“ஒனக்குப் பேசும்னு எனக்குத் தெரியாது புஷ்பம்.”

“அந்தக் குரலு ஒனக்கு மட்டுமா சொந்தம்? என்ட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“நீ போன எடுத்தாத்தான கேக்க முடியும்.”

புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூரத்தில் உப்பைக் குவித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“அன்னைக்கு அம்மாவுக்குன்னும் சொல்லல,” என்றாள் புஷ்பம், குரல் இறங்கி. “இன்னைக்கு ஒனக்குன்னும் சொல்லல. ரெண்டு மாசமாமே.”

“அவள்ட்ட மட்டுந்தான் சொன்னேன். அவ சொல்லிருவான்னு நெனைக்கல.”

“எவ?”

“அக்கா.”

“எங்கம்மாவா இருந்தா சொல்லியிருக்க மாட்டா சித்தி. மூடி மறைச்சிருப்பா. அது மெஷினு. அதனாலதான் சொல்லிட்டு.”

சந்தனமாரி கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தாள். ஒரு மெஷினுக்கு முடிந்தது தனக்கு முடியாமல் போனதே என்று நினைத்தாள். மாசி மாதத்தில் அன்றைக்கு ராத்திரியே புஷ்பத்தைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா வைதிருப்பாள். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள். பிறகு பேசியிருப்பாள்.

“பூட்ஸக் கழத்து,” என்றாள் புஷ்பம். “நம்ம தெருவுல விசாரிச்சு, அந்த ஜெபராணிக்குப் போன் போட்டு, வண்டி இன்னைக்கு எங்க நிக்கின்னு கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

வண்டி பக்கத்து ஊர்ச் சுகாதார நிலையத்தின் முன்னால் நின்றது. ஜெபராணி புஷ்பத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“மன்னிச்சிருங்க. ஒடம்புல மாத்தம் இருக்குன்னு ஒருத்தர் சொல்லி, அதுக்குப் பொறவும் வரலைன்னா, அவங்க குடுத்த அவசர நம்பருக்குச் சொல்லணும்னு ஏற்பாடு. அத சாதாரணக் குரல்ல சொல்லும்னுதான் நெனச்சிருந்தோம். இதே குரல்ல ஒங்களுக்கும் பேசும்னு யாரும் யோசிக்கல.”

“செத்துப்போனவ பேசுனா எப்படி இருக்கும்னுமா யோசிக்கல?” என்று புஷ்பம் கேட்டாள்.

ஜெபராணி சந்தனமாரி பக்கம் திரும்பினாள். “எங்களுக்கு இப்பதான் புரியுதுக்கா. ஒங்க தெருவுல மட்டும் பதினாலு பேரு இன்னும் வரல. எல்லாரும் போன மட்டும் தவறாம எடுக்காங்க. அரை மணி நேரம் பேசுதாங்க. செல்லக்கனி அக்கா வீட்டுக்கு நேத்து போனேன். ‘வந்தா எம்புருசன் பேசமாட்டாருல்லா’ங்காங்க. ஒங்கள வரவைக்கத்தான் அந்தக் குரல வச்சோம். அதுவே ஒங்களப் பிடிச்சு வச்சுக்கிடும்னு நெனைக்கல.”

“நிறுத்திருவீங்களா?”

“மாத்தப் போறாங்க. இனி நானே வீடு வீடா வந்து கூட்டிட்டுப் போவேன். யார் கூட வரணுமோ அவங்களையும் கூட்டிட்டு.” கொஞ்சம் தயங்கினாள். “ஒங்களுக்குச் சோதனையெல்லாம் முடிஞ்சு, டாக்டரு முடிவு சொன்னதும் ஒரு தடவ கூப்பிடும். மூணு நிமிசம். அதோட அந்தக் குரல எங்க மெஷின்லருந்து எடுத்துருவோம். ஒங்க போன்ல இருக்கிற பழைய பதிவெல்லாம் ஒங்களோடதுதான்.”

பதிவில் தக்காளி வாங்கி வரச் சொல்வாள் அக்கா. திருப்பி எதுவும் கேட்கமாட்டாள். சந்தனமாரி தலையை ஆட்டினாள்.

வண்டிக்குள் ஒரு பெண் இருந்தாள். மெத்தென்ற ஓர் உறையை ரவிக்கைக்கு மேலேயே சுற்றிக் கட்டினாள். இளஞ்சூடாக இருந்தது. எதிரே இருந்த திரையில் நீலமும் பச்சையுமாக ஏதேதோ ஓடியது. அந்தப் பெண் பேசிக்கொண்டே வேலை பார்த்தவள், ஓர் இடத்தில் பேச்சை நிறுத்தினாள். இவ்வளவுதானா என்று இருந்தது சந்தனமாரிக்கு. அக்கா இரண்டு சீசன் பயந்தது இந்த இளஞ்சூட்டுக்கா?

கட்டி இருப்பது உறுதியானது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் புஷ்பம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் முழுக்க அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பளங்கள் பின்னால் போன பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

“நான் கட் பண்ணிட்டேன் சித்தி.”

“என்னத்த?”

“அம்மா பேசும்போது. பயந்துபோயி கட் பண்ணிட்டேன். முழுசாக்கூட கேக்கல. பொறவு அந்த நம்பருக்கு எத்தனையோ தடவ போட்டுப் பாத்தேன். போகல.” கண்டக்டர் விசில் ஊதி, பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. “ஆறு வருசமா அவ கனவுலகூட பேசல. வந்து நிப்பா, போயிருவா. முந்தாநேத்து எம் பேரச் சொன்னா. நான் கட் பண்ணிட்டேன்.”

சந்தனமாரி அவள் கையைத் தொடப் போனாள். தொடலாமா என்று தெரியாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஆறு நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் ஒரு பெண். சாதாரணமாகப் பேசினாள். புற்றுநோய்தான், ஆனால் சின்னது, அக்குள் பக்கம் பரவவில்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பிறகு மருந்து. “சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க,” என்றாள். புஷ்பத்திடம், “நீங்க மகளா?” என்று கேட்டாள்.

“அக்கா மக.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கும் இதுதான்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். “அப்ப நீங்களும் பாத்துக்கிடணும். மொத மாடியில பதினோராம் நம்பர் ரூம். தள்ளிப் போடாதீங்க.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் யாரோ பொட்டலச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சந்தனமாரியின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, மூன்று மணியும் இல்லை. திரையில் அந்த நம்பர்.

பத்து மாதம் அவள் சோதனைக்குப் போகாமல் இருந்தது இந்த மணி நிற்காமல் இருப்பதற்காகத்தான். இதுதான் கடைசி. மூன்று நிமிஷம். சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு தடவை மணி அடித்தது. மூன்றாவதில் பச்சைப் பொத்தானைத் தொட்டு, புஷ்பத்தின் கையில் போனைக் கொடுத்தாள்.

புஷ்பம் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் பேசிவிட்டது.

“மாரி, கேக்கா?”

புஷ்பம் சித்தியைப் பார்த்தாள். சந்தனமாரி பேசு என்று கை காட்டினாள்.

“கேக்கு,” என்றாள் புஷ்பம். பிறகு, “கேக்குக்கா.”

“என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? சளி பிடிச்சிருக்கா?”

“ஆமா. கொஞ்சம்.”

“சோதனைக்குப் போயிட்டு வந்துட்ட. நல்ல காரியம். டாக்டரு சொன்னபடி கேட்டுக்க. மருந்த நடுவுல விட்டுராத.”

“விடமாட்டேன்.”

“புஷ்பம் பேசுனாளா?”

போனைப் பிடித்திருந்த கை காதோடு இறுகியது. பக்கத்தில் இருந்த சந்தனமாரிக்கும் அது கேட்டது. அவள் தரையைப் பார்த்தாள்.

“இத எப்பவும் கேப்பியா?” என்றாள் புஷ்பம்.

“நீதானட்டி வாராவாரம் சொல்லுவ, பேசல, பேசலன்னு. நான் கேக்காம இருப்பேனா.”

ஒரு ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு அவர்களைக் கடந்து போனது.

“பேசுனாக்கா.”

“என்ன சொன்னா?”

“கோவம் இன்னும் இருக்குன்னு சொன்னா. கொஞ்ச நாளு இருக்கும்னா. ஆனா இனிமே சித்தி போன் பண்ணா எடுப்பேன்னு சொன்னா.”

“அது போதும்லா.”

“போதும்.”

“அவளையும் சோதனைக்குப் போகச் சொல்லு மாரி. எம் வயித்துல பொறந்தவ. அவளுக்கும் பாக்கணும்.”

“சொல்லுதேன்.”

“சரி. வைக்கட்டா?”

“வைக்காதம்மா,” என்றாள் புஷ்பம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. யோசிக்கிறதா, நேரம் முடிந்துவிட்டதா என்று சொல்ல முடியாத ஓர் அமைதி. பிறகு திரை அணைந்தது.

புஷ்பம் அதே நம்பரைத் திரும்பப் போட்டாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல், யாருடையதோ, மரியாதையாகச் சொன்னது. இன்னொரு தடவையும் போட்டாள். பிறகு போனைச் சித்தியின் மடியில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தாள். சந்தனமாரி இந்தத் தடவை யோசிக்கவில்லை. அவள் தலையை இழுத்துத் தன் வலது பக்கத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அக்கா இருந்தால் இப்போது என்ன சொல்வாள் என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் இருந்தது.

வெகுநேரம் கழித்துப் புஷ்பம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. வா, போவோம்.”

“பதினோராம் நம்பர் ரூம்?”

“ஒனக்கு மொதல்ல ஆபரேசன் முடியட்டும் சித்தி. பொறவு நான் பாத்துக்கிடுதேன். எனக்கு என்ன, நல்லாத்தான இருக்கேன்.”

சந்தனமாரி எழுந்தாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“எந்திரி,” என்றாள்.

“சித்தி, கம்பெனியில ஏற்கெனவே ஒரு வாரம் லீவு...”

“எந்திரிங்கேன்.”

உப்பு வாரிக் காய்த்த விரல்களால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். புஷ்பம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். சந்தனமாரி காதில் வாங்கவில்லை. படியேறி முதல் மாடிக்குப் போனார்கள். பதினோராம் நம்பர் அறைக்கு வெளியே முப்பது பெண்களாவது நின்றார்கள். சிலர் மகளோடு, சிலர் தனியாக. கடைசியில் நின்ற ஒருத்தி இவர்களுக்காக நகர்ந்து இடம் விட்டாள். உள்ளே போவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை சந்தனமாரி பிடித்த கையை விடவில்லை.